வீட்டுத்திரைப் பதிப்புகளில் மாற்றிசை: ஒரு பாடவேறுபாட்டு நோக்கு

ஏட்டில் உள்ள சொல்லொன்றை நீக்கி, அவ்விடத்தே தாம் விரும்பிய வேறொரு சொல்லை வைத்து, வைத்த செய்தியையும் மறைத்துவிடும் ஒருவரை நாம் பதிப்பாசிரியர் என்று போற்றுவதில்லை. பாடவேறுபாட்டை அடிக்குறிப்பிற் காட்டுதல் வேண்டும் என்பது தமிழ்ப் பதிப்புத்துறையில் வேரூன்றிவிட்ட கொள்கை. இக்கொள்கை சொல்லுக்கு மட்டும் உரியதா, சொல்லொடு கூடி நின்று பொருள் பயக்கும் இசைக்கும் உரியதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. பழைய தொலைக்காட்சித் தொடர்கள் குறுவட்டாகவும் இணையவழியாகவும் மீண்டும் வீட்டுக்கு வரும்போது, முதற்கண் ஒலித்த இசை நீக்கப்பெற்று வேற்றிசை ஒலிப்பதைப் பலரும் கேட்டிருத்தல் கூடும். தொலைக்காட்சிக்கும் தமிழாராய்ச்சிக்கும் என்ன உறவு என்பார்க்கு ஒன்று கூறலாம். இயலும் இசையும் நாடகமும் ஒன்றெனக் கொண்ட மொழியில், நாடகத்தினின்று இசையைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது யாது என்னும் வினா தமிழாசிரியர்க்கு அயலானதன்று.

மாற்றத்தின் காரணம் எளிது. தொடரை எடுத்த காலத்தில் ஒரு பாட்டைப் பயன்படுத்தப் பெற்ற இசைவு, பெரும்பாலும் ஒளிபரப்புக்கு மட்டும், அதுவும் குறித்த சில ஆண்டுகளுக்கு மட்டும் பெற்றதாக இருக்கும். வட்டாக விற்பதற்கு வேறு இசைவும் வேறு பொருளும் வேண்டும். அப்பொருள் மிகுதியென்று கருதும் வெளியீட்டாளர், பாட்டை நீக்கி விலை குறைந்த இசையொன்றை வைத்துவிடுகின்றனர்.

இதற்கு உலகறிந்த சான்று, அமெரிக்காவில் 1978 முதல் 1982 வரை சிபிஎஸ் நிறுவனம் ஒளிபரப்பிய ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ என்னும் நகைச்சுவைத் தொடர். வானொலி நிலையமொன்றே அதன் கதைக்களம். ஆதலின் அக்காலத்து மக்கள் கேட்ட பாட்டுக்களே அதில் ஒலித்தன. 2007இல் முதற்பருவம் வட்டாக வந்தபோது பாட்டுக்கள் பல மாற்றப்பட்டன. சில காட்சிகள் குறுக்கவும் பட்டன. 2014இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாட்டுக்களை மீட்டு முழுத்தொடரையும் வெளியிட்டது. ஒரே தொடருக்கு இங்ஙனம் இரு பதிப்புகள் கிடைத்தமையால் ஒப்புநோக்க இடமுண்டாயிற்று.

அத்தொடரில் ஒரு காட்சி. நிலையத்தலைவர் ஒலிபரப்பு அறைக்குள் வருகிறார். ஒலித்துக்கொண்டிருப்பது பிங்க் ஃபிளாய்டு குழுவினர் 1977இல் வெளியிட்ட ‘டாக்ஸ்’ என்னும் பாட்டு. அதனுள் நாய்க்குரைப்பும் இசையாகக் கலந்துள்ளது. புதிய இசையறியாத அம்முதியவர், நாய் குரைப்பது போலக் கேட்கின்றதே என வினவுகின்றார். நகை பிறப்பது அவ்வினாவில் அன்று. வினாவுக்கும் இசைக்கும் உள்ள பொருத்தத்தில். அப்பாட்டை எடுத்துவிட்டால் வினா பற்றுக்கோடின்றித் தொங்கும். வினாவையும் எடுத்துவிட்டாலோ, முதியவர் பாத்திரத்தின் பண்பிற் பாதி போய்விடும். இசையை மாற்றப் புகுந்தவர் உரையாடலையும் வெட்ட நேர்வது இத்தகைய இடங்களிலேதான்.

மற்றோர் இடம் இதனினும் நுண்ணியது. அந்நிலையத்தில் பணிபுரியும் ஜெனிபர் என்னும் நங்கையின் செல்வ மாளிகையில் வாயில்மணி, 1954இல் பார்ட் ஹோவர்டு இயற்றிய ‘ஃபிளை மீ டு த மூன்’ பாட்டின் மெட்டை ஒலிக்கும். பிற்காலப் படிகளில் அதனை நீக்கி ஸ்டீபன் ஃபாஸ்டரின் ‘பியூட்டிஃபுல் டிரீமர்’ மெட்டை வைத்தனர். இது 1864இல் அச்சேறியது. இன்று எவர்க்கும் உரிமையற்ற பொதுச்சொத்து. இரண்டும் காதற்பாட்டுக்களே, இரண்டும் சில நொடிகளே ஒலிப்பன. எனினும், நிலவுக்குப் பறக்க விழையும் மெட்டைத் தன் வாயிலில் வைத்தவள் செல்வத்தோடு குறும்பும் உடையவள் என்பது முன்னதால் விளங்கும். பின்னதோ உறங்குவாளை நோக்கிப் பாடும் பழம்பாட்டு. மணி மாறவே மனைக்குரியாள் குணமும் மாறிற்று. ஓரெழுத்து மாறப் பொருள் திரிதலை நாம் ஏடுகளிற் காண்கின்றோமன்றோ? அது போல்வதே இதுவும்.

‘மேரிட்... வித் சில்ட்ரன்’ என்னும் தொடரின் வட்டுக்களில் மூன்றாம் பருவம் முதல் சினாட்ரா பாடிய தொடக்கப்பாட்டு இல்லை. அதுபற்றி விரித்துரைத்தல் வேண்டா. முகப்பு மாறினும் வீடு அதுவே என்று ஒருவாறு அமையலாம்.

தமிழ்நாட்டிலும் இச்சிக்கல் எழுந்துவிட்டது. தொலைக்காட்சித் தொடரில் அன்று, திரைப்படத்தில். 2025 ஏப்ரலில் வெளிவந்த ‘குட் பேட் அக்லி’ படத்தில் இளையராசா இசையமைத்த பழம்பாட்டுக்கள் மூன்று எடுத்தாளப்பட்டன. அவை ‘சகலகலா வல்லவன்’ (1982), ‘விக்ரம்’ (1986), ‘நாட்டுப்புறப் பாட்டு’ (1996) ஆகிய படங்களுக்கு உரியவை. தம் இசைவு பெறவில்லையென அவர் வழக்குத் தொடுத்தார். இசைத்தட்டு நிறுவனங்களிடம் இசைவு பெற்றோம் என்பது தயாரிப்பாளர் கூற்று. செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நெட்ஃபிளிக்ஸ் தளத்தினின்று விலக்கப்பட்ட படம், அப்பாட்டுக்களை நீக்கிப் பிறிதிசை வைத்து மீண்டும் வந்தது. இசையமைத்தார்க்கு உரியது மறுக்கப்படலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு 2012இல் வந்த திருத்தமும், உரிமை மாற்றித்தரும் காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு அவ்வுரிமை, வெளிப்படக் கூறினாலன்றி, செல்லாது என்கின்றது. ஆயின் என் வினா வேறு. அரங்கிற் கண்டவரும் இல்லத்திற் கண்டவரும் ஒரே பெயரால் இருவேறு படங்களைக் கண்டனர். பின்னாளில் இப்படத்தை ஆராய்வார் எதனை மூலமாகக் கொள்வர்?

இவ்வினா எனக்குத் தோன்றியது நீதிமன்றச் செய்தியால் அன்று. அருப்புக்கோட்டையில் என் அத்தை வீட்டுக் குழித்தறியால். தொண்ணூறுகளின் இறுதியில் மாலைதோறும் அவ்வீட்டு முன்னறையில் தொடரொன்று ஓடும். பிள்ளைகள் பார்த்திருப்போம். அத்தை பார்த்ததில்லை. கண் பாவிலும் கை நாடாவிலும் கால் மிதியிலும் இருக்கத் தொடரைக் கேட்டார். நெசவுத்தெருக்களில் தொலைக்காட்சி பெரும்பாலும் இங்ஙனம் செவிக்கே விருந்தாயிற்று என்பதை, காட்சியூடகம் பற்றி எழுதுவோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அத்தொடரில் தாய் அடுக்களையில் பழைய திரைப்பாட்டொன்றை முணுமுணுப்பாள். தாய் இறந்தபின், மகள் தனித்திருக்குந்தோறும் அம்மெட்டு குழலில் மட்டும் எழும். உரையாடல் ஒன்றும் இராது. தறியோசை அந்நேரம் நின்றுவிடும். உள்ளறையில் அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று நாங்கள் அறிவோம்.

பல ஆண்டுகள் கழித்து அத்தொடர் வட்டாக விற்பனைக்கு வந்தது. வெளியிட்டார் பெயர் ஈண்டு வேண்டா. வாங்கிக் கொண்டுபோய் அத்தை வீட்டில் ஓடவிட்டேன். தாய் முணுமுணுக்கும் காட்சி அடியோடு இல்லை. குழல் வரவேண்டிய இடங்களில் எக்கதைக்கும் பொருந்தும் மின்னிசையொன்று நீளமாக ஒலித்தது. அத்தை சிறிது நேரம் கேட்டார். “மருமகனே, வேற என்னத்தையோ வாங்கிட்டு வந்திட்டீக” என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார். முகங்களும் பேச்சும் அவையே என்று நான் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. பயிற்சியால் நான் பாடபேதம் என அறிந்ததை அவர் செவியால் அறிந்தார்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். அது வலுவுடைய தடையே. அருப்புக்கோட்டைக்கு அணித்தாகக் குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழியலைச் சுந்தரர் பாடிய பதிகம் ஏழாந்திருமுறையில் உள்ளது. அதன் பண் நட்டபாடை. இன்று ஓதுவார் அதனைக் கம்பீரநாட்டை இராகத்தில் பாடுகின்றனர். சுந்தரர் பாடிய மெட்டு இதுவே என்று எவர் உறுதி கூறவல்லார்? திருமுறைகண்ட புராணமும், ஏடுகள் கிடைத்தபின் பண் முறை அறியாது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியொருவரைக் கொண்டே பண் வகுத்தனர் என்கின்றது. தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சி நடத்த வேண்டியிருந்ததும் மரபு இடையறவு பட்டமையால் அன்றோ? இசை மாறியும் தேவாரம் தேவாரமாகவே போற்றப்படுகின்றது; தொடருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

இத்தடைக்கு, தேவாரத்தில் சொல்லே தலைமையுடையது, தொடரில் அன்று என விடை கூறுவாருளர். அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. பண் சுமந்த பாடலை அது தாழ்த்திவிடுகின்றது. வேறுபாடு பிறிதோரிடத்தில் உளது. திருச்சுழியற் பதிகத்தின் தலைப்பில் ‘நட்டபாடை’ என்னும் பெயர் அழியாது நிற்கின்றது. இன்று பாடுவது கம்பீரநாட்டை என்பதும் மறைக்கப்படவில்லை. இழந்தது இது, அதனிடத்தில் வைத்தது இது என்னும் இரண்டும் கற்பார்க்குத் தெரியும். தெரிவதனாற்றான் பண்ணாராய்ச்சி நிகழ்கின்றது. வட்டிலோ, நீக்கிய பாட்டின் பெயரும் இல்லை. நீக்கிய செய்தியும் இல்லை.

உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த பரிபாடலில் பாட்டிறுதிக் குறிப்புகளை நோக்குக. மூன்றாம் பாடலின் ஆசிரியர் கடுவன் இளவெயினனார், இசையமைத்தார் பெட்டனாகனார், பண் பாலையாழ். ஐந்தாம் பாடலும் இளவெயினனாருடையதே, பண்ணும் பாலையாழே, ஆயின் இசையமைத்தார் கண்ணனாகனார். இயற்றியவரும் ஒருவர், பண்ணும் ஒன்று. இசையமைத்தவர் வேறாதலின் அவ்வேறுபாட்டைத் தனியே பொறித்து வைத்தனர். பெட்டனாகனாரின் மெட்டு இன்று நமக்குக் கிட்டவில்லை. எனினும் மெட்டொன்று இருந்தது, அதற்கு உரியவர் ஒருவர் இருந்தார் என்பது கிட்டியுள்ளது. பொருள் கொடுத்துப் பாட்டை மீட்க இயலாத வெளியீட்டாளரிடம் நாம் பாட்டையே கேட்க வேண்டுவதில்லை. இவ்விடத்தில் இன்ன பாட்டு, இன்னார் இசை, இப்போது இன்னார் இசை என்னும் மூன்று செய்தியைக் கேட்கலாம். அதற்கு உரிமத்தொகை எதுவும் இல்லை.

அத்தை வீட்டில் விட்டுவந்த அவ்வட்டின் உறையை அண்மையில் மீண்டும் எடுத்து நோக்கினேன். நடித்தோர், எழுதினோர், இயக்கினோர் பெயரெல்லாம் நிரலே உள. ‘இசை’ என்பதன்கீழும் ஒரு பெயர் உளது. அது குழலிசை அமைத்தவர் பெயரோ, அதனை நீக்கி மின்னிசை வைத்தவர் பெயரோ, உறையைக் கொண்டு அறிதற்கு வழியில்லை.