துடியும் துடிப்பும்

விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உவமை ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும், விஷயத்தைக் கைவிட்டு விடுகிறார்கள். 'பல்ஸார்' என்ற நட்சத்திரத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பல, நடராஜர் கையிலுள்ள துடியில் வந்துதான் முடிகின்றன. அந்தத் தாளத்தைத்தான் 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கேட்டாராம். நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்களாம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருந்தவில்லை. அந்தப் பெண் எதையும் கேட்கவில்லை. காகிதச் சுருளில் பேனா கிறுக்கியதைப் பார்த்தார், அது 1.33 விநாடிக்கு ஒரு தரம் தவறாமல் வந்தது. மேலும், துடியில் அடிக்கும் அடிக்கும் இடையே மௌனம் உண்டு. பல்ஸாரோ ஓய்வதில்லை. சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள அந்தக் கோளத்தின் காந்தத் துருவங்களிலிருந்து கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. சுழற்சியில் அது நம் பக்கம் திரும்பும் கணம் மட்டும் நமக்குத் தெரிகிறது. கலங்கரை விளக்கம் படகோட்டிக்கு அணைந்து அணைந்து எரிவதாகத் தோன்றுவதில்லையா, அதுபோல. ஏன் அத்தனை வேகம் என்று தட்டாமாலை சுற்றும் சிறுமியைக் கேளுங்கள். விரித்த கைகளை ஒடுக்கினால் சுழற்சி கூடும் என்பாள். பெரிய நட்சத்திரம் வெடித்து அதன் உட்கரு ஒடுங்கும்போது நடப்பதும் அதுவே. 1054-ல் சீனர்கள் குறித்துவைத்த வெடிப்பில் மிஞ்சியது இன்றும் விநாடிக்கு 30 தரம் சுழல்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுக்கு அது சமவயது.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவு பிரித்து, அதன்படிதான் மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். மேலே காவேரி வண்டலைப் பூசிச் சூடேற்றி, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். மெழுகில் விட்ட பிழை உலோகத்தில் நின்றுவிடும். அவர்கள் வார்க்கும் நடராஜரின் துடி சிருஷ்டியைக் குறிப்பது. அதற்கு ஒரு நட்சத்திரத்தின் சிபாரிசு வேண்டியதில்லை.

பெருமைப்பட வேண்டுமானால் உதகமண்டலம் இருக்கிறது. 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை அங்கே ஒரு மலைச்சரிவில் நிறுத்தினார்கள். சரிவும் அவ்விடத்து அட்சரேகையும் ஏறக்குறைய 11 பாகை. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் திருப்பி ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் தொடரலாம். பல்ஸார்களை அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். இதை எழுதத்தான் ஆளைக் காணோம்.

மலையை அளந்து தேர்ந்தவர்களும் ஓலை நறுக்கால் அளப்பவர்களும் ஒரே வழியில் வந்தவர்கள். எழுதுகிறவன்தான் அளக்காமல் வார்த்துவிடுகிறான்.