கோளாறு அட்டவணையில் விடுபட்ட இயற்பியல்

வாயுக் குரோமட்டோகிராஃப் கருவியின் கையேட்டைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணையைக் காண்பீர்கள். இடப்புறம் கோளாறு, வலப்புறம் காரணமும் பரிகாரமும். சுடர் அயனியாக்க உணர்வி சரிவர இயங்காதபோது மாணவர் முதலில் நாடுவது இதைத்தான். அனுபவசாலிகள் தொகுத்தது என்பதால் அதில் பொய் இராது. ஆயினும் பெருங்குறை ஒன்று உண்டு என்பது என் கருத்து.

'அடிக்கோடு உயர்ந்துள்ளது' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். எதிரே வாயுவில் மாசு, பிரிகைக் குழாயின் கசிவு, அழுக்கு மின்வாய், ஈரம், மின்சுற்றுப் பழுது என ஐந்தாறு காரணங்கள் அணிவகுத்து நிற்கும். எதை முதலில் பார்ப்பது? ஏன்? அட்டவணை வாய் திறவாது.

1958இல் ஆஸ்திரேலியாவில் மக்வில்லியம், டூவார் இருவரும் அறிவித்த இவ்வுணர்வியின் தத்துவம் எளிது. காற்றில் எரியும் தூய ஹைட்ரஜன் சுடரில் அயனிகள் மிகக் குறைவு. கரிமச் சேர்மம் அதில் புகுந்தால், இலட்சம் கார்பன் அணுக்களுக்கு ஓர் அயனி கிடைத்தாலே பெரிது. அந்த மின்னூட்டத்தைச் சுமார் 200 வோல்ட் மின்னழுத்தம் இழுத்துத் திரட்டுகிறது.

இப்போது ஓம் விதியை நினைவுகூருங்கள். மின்வாயைத் தாங்கும் காப்பானின்மேல் ஈரம் படிந்து, அதன் தடை ஓர் இலட்சம் கோடி ஓமாக இறங்கிவிட்டதாகக் கொள்வோம். நம் ஆய்வகத்துச் சாதாரண மீட்டருக்கு அது முடிவிலிதான். ஆனால் 200 வோல்ட்டில் அதன் வழியே 200 பிக்கோ ஆம்பியர் பாயும்! நல்ல சுடரின் பின்னணி மின்னோட்டமோ பெரும்பாலும் சில பத்து பிக்கோ ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி உண்டாகும் அல்லவா? உணர்வியை 150 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கச் சொல்வதன் பொருள் இதுவே. கையேடு பாகையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

காரணம் தெரிந்தவர் பட்டியலை இரண்டாகப் பிளந்துவிடுவார். ஹைட்ரஜனை மூடிச் சுடரை அணையுங்கள். அயனிகள் இல்லாதபோதும் மின்னோட்டம் நீடித்தால் பழுது காப்பானிலோ மின்சுற்றிலோதான். சிலிண்டரை மாற்றிப் பயனில்லை. மின்னோட்டம் மறைந்தால் வாயுவையோ குழாயையோ ஐயுற வேண்டும். அப்போது சூளையைக் குளிர்வித்து, குழாயைக் கழற்றி, உணர்வியின் நுழைவாயை அடைத்துவிட்டுச் சுடரை மீண்டும் ஏற்றுங்கள். பின்னணி இறங்கினால் குற்றவாளி குழாய், இல்லையேல் வாயு. நுழைவாயை அடைக்காமல் ஹைட்ரஜனைத் திறந்தால் அது சூளையில் நிரம்பி வெடிக்கக்கூடும். நான் பார்த்த கையேடுகள் சிலவற்றில் இவ்வெச்சரிக்கை முன்பக்கத்தில் இருக்கிறதே தவிர, பழுது பார்ப்பவர் புரட்டும் பக்கத்தில் இல்லை.

சுடர் எரிகிறதா என்பதையே சிலர் உற்றுப் பார்த்து அறிய முயல்வர். ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. குளிர்ந்த, பளபளப்பான உலோகத் துண்டை வாய்க்கு மேலே காட்டுங்கள். பனித்தால் சுடர் உண்டு. பாடநூல்களிலும் இது இராது. படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் அவற்றுக்குப் போதும்.

'வெண்பொடி படிந்தால் மின்வாயைத் துப்புரவு செய்க' என்பது மற்றொரு வரி. அப்பொடி எங்கிருந்து வந்தது? குழாயின் உட்பூச்சான சிலிக்கோன் கசிந்து, சுடரில் எரிந்து சிலிக்காவாகிறது. சிலிக்காவோ நல்ல மின்காப்பான். ஆகவே குழாயைக் கவனிக்காமல் மின்வாயை மட்டும் தேய்ப்பவர், சில வாரங்களில் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருப்பார்.