இரண்டு மதியச் சாப்பாடு

நியூயார்க்கில் ஸ்மித் அண்ட் வொலென்ஸ்கி என்று ஒரு ஸ்டேக் உணவகம். அங்கே அமெரிக்கப் பெருமுதலீட்டாளர் வாரன் பஃபெட்டோடு உட்கார்ந்து ஒருவேளை மதியச் சாப்பாடு சாப்பிட, 2022-ல் ஒருவர் ஏலத்தில் கேட்ட தொகை 1 கோடியே 90 லட்சத்து 100 டாலர். நாட்டின் மறுகோடியில், சான் பிரான்சிஸ்கோவின் எல்லிஸ் தெருவில், ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் இன்னொரு மதியச் சாப்பாடு. அதற்கு விலை கிடையாது, வரிசையில் நின்றால் போதும். முதல் சாப்பாட்டுக்கு வந்த பணம் இரண்டாவது சாப்பாட்டை நடத்துகிறவர்களுக்குப் போனது. 2000-ல் 25,000 டாலரில் தொடங்கிய அந்த ஏலம், 2022 வரையில் 5.3 கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. 2007-ல் ஜெயித்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த முதலீட்டாளர் மோனிஷ் பாப்ராய். நம் ஊர் வணிகப் பத்திரிகைகள் அப்போது பஃபெட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. பணம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு வரி கிடைத்திருந்தால் அதிகம்.

பணம் போன இடம் கிளைடு நினைவு மெதடிஸ்ட் ஆலயம். வில் ஸ்மித் நடித்த 'தி பர்சூட் ஆஃப் ஹாப்பினஸ்' பார்த்தவர்களுக்கு அந்த வாசல் நினைவிருக்கும். அலுவலகம் விட்டதும் பையனை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, இரவுப் படுக்கைக்காக அவர் வரிசையில் இடம்பிடிக்கிற இடம் அதுதான். படத்தில் வருகிற கறுப்பினப் போதகர் நடிகர் இல்லை, அந்த ஆலயத்தின் செசில் வில்லியம்ஸே தானாக வந்து போகிறார்.

ஏழைப் பகுதியில் சபை நடத்தும் சமூக மையம் என்றாலே எடுத்துக்காட்டாக கிளைடைச் சொல்வது அமெரிக்காவில் வழக்கம். அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால் புகழுகிறவர்கள் பெரும்பாலும் தட்டுகளை எண்ணுகிறார்கள். ஆண்டுக்கு இத்தனை லட்சம் சாப்பாடு என்ற கணக்கைச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். கிளைடு செய்தவற்றில் ஆகச் சிறந்தது சாப்பாடு இல்லை என்பது என் எண்ணம்.

இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளைடு நிற்கிற டெண்டர்லாயின் பகுதி நகரின் நட்டநடுவே இருக்கிறது. ஒரு பக்கம் யூனியன் சதுக்கத்தின் பகட்டுக் கடைகள், இன்னொரு பக்கம் நகராட்சி மாளிகை. ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை என்று கட்டப்பட்ட பழைய விடுதிகள் நிறைந்த பகுதி. தனியாள்கள், முதியவர்கள், போதையில் சிக்கியவர்கள், வியட்நாம் கம்போடியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் எல்லாரும் அந்த அறைகளில்தான். கிளைடுக்கு எதிர்மூலையில் ஹில்டன் ஓட்டல். இலவசச் சாப்பாட்டுக்கு நிற்கிறவர் தலையைத் தூக்கினால் அந்த ஓட்டலின் ஜன்னல்கள்தான் தெரியும்.

ஆலயத்தைக் கட்டியது லிசி கிளைடு என்ற பணக்கார விதவையின் சொத்து. கணவர் கால்நடைப் பண்ணைக்காரர். 1929-ல் லிசி அறக்கட்டளை வைத்தார், 1931-ல் கட்டடம் எழுந்தது. முப்பது வருஷம் போனதும் சுற்றுவட்டாரம் மாறிப்போய், பெரிய கட்டடத்துக்குள் முப்பத்தைந்து பேர் அளவில் வெள்ளையினத்தவர் உட்கார்ந்திருந்தார்கள். சபை தேய்ந்தாலும் அறக்கட்டளைப் பணம் தேயவில்லை. இது முக்கியம். காணிக்கைப் பையை நம்பிப் பிழைக்கிற போதகரால் சபையாருக்குப் பிடிக்காததைச் செய்ய முடியாது. 1963-ல் வந்த, டெக்சஸில் பிறந்த வில்லியம்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. கிளைடின் துணிச்சலைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய நெஞ்சுரத்தைச் சொல்கிறார்கள். அந்த விதவையின் வட்டிப் பணத்தையும் கூடவே சொல்ல வேண்டும்.

அந்த முதல் சில வருஷங்களில் நடந்தவை வியப்பானவை. 1964-ல் கிளைடைச் சேர்ந்த போதகர்கள், தன்பாலீர்ப்பாளர்களோடு உட்கார்ந்து பேச ஒரு கூட்டு மன்றம் தொடங்கினார்கள். 1965 புத்தாண்டு இரவில் அந்த மன்றத்துக்காக ஒரு நடன விருந்து நடந்தது. போலீஸ்காரர்கள் வாசலில் வெளிச்சம் போட்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் படம் பிடித்தார்கள். தடுத்துக் கேட்ட வழக்கறிஞர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் போதகர்களே பத்திரிகையாளர்களைக் கூட்டிக் காவல்துறையைக் கண்டித்தார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் சொன்னால் நம்பாத நகரம், போதகர் சொன்னதும் காது கொடுத்தது.

1966-ல் அதே தெருக்களில் 'வான்கார்டு' என்று ஓர் இளைஞர் அமைப்பு உருவானது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள், உடலை விற்றுப் பிழைத்தவர்கள், திருநங்கையர் எல்லாரும் அதில் இருந்தார்கள். கிளைடு அவர்களுக்குக் கூடிப் பேச இடம் கொடுத்தது, பக்கபலமாக நின்றது. தலைமை அவர்களிடமே இருந்தது. அந்த ஆகஸ்டில், கிளைடிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த காம்ப்டன்ஸ் உணவகத்தில், தன்னைப் பிடித்த போலீஸ்காரர் முகத்தில் ஒரு திருநங்கை காப்பியை வீசினார். அது பெரிய கலகமாக வெடித்தது. நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலகத்துக்கு மூன்று வருஷம் முன்பு. பிறகு இலையுதிர் காலத்தில் இன்னொன்று நடந்தது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். மார்க்கெட் தெருவில் 'குப்பைகளை' அப்புறப்படுத்துகிறோம் என்று போலீஸ் ஆள்களை அள்ளிக்கொண்டு போனது. வான்கார்டு பிள்ளைகள் ஆளுக்கொரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தெருவைப் பெருக்கினார்கள். நாங்கள் குப்பை என்றால் இதோ பெருக்குகிறோம், பாருங்கள் என்பதுபோல.

அந்த விளக்குமாற்றை எந்தப் போதகரும் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. சபை கொடுத்தது ஒரு கூடத்தின் சாவி. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் பிறகு வந்த கிளைடைப் பார்க்க வேண்டும்.

1967-ல் வில்லியம்ஸ் ஆலயத்திலிருந்த சிலுவையை இறக்கினார். சாவின் அடையாளம் வேண்டாம், வாழ்கிறவர்களைக் கொண்டாடுவோம் என்பது அவர் வாதம். நம் ஊரில் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்தில் இப்படி நடந்தால் மறுநாள் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். கிளைடில் கூட்டம் பெருகியது. ஞாயிறு ஆராதனைக்கு 'கொண்டாட்டம்' என்று பெயர் மாறியது. பெரிய பாடகர் குழு, வாத்தியங்கள், கைதட்டல். யூதரும் பௌத்தரும் கடவுளே இல்லை என்பவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

அமெரிக்காவில் ஏழைகளுக்கான சபைப் பணி என்றால் நூறு வருஷமாக ஒரே வாய்பாடு: சூப், சோப், இரட்சிப்பு. இரட்சணிய சேனையின் பழைய முழக்கம் அது. பல இடங்களில் பிரசங்கம் கேட்டு முடித்தால்தான் கிண்ணம் கையில் வரும். கிளைடு மூன்றாவதை வெட்டிவிட்டது. 1980-களில் கிராக் கொக்கெயின் அந்தத் தெருக்களைத் தின்றபோதும் மனம் திரும்பினால்தான் உதவி என்று சொல்லவில்லை. பிறகு எச்.ஐ.வி. பரிசோதனை, சுத்தமான ஊசி விநியோகம் என்று பல சபைகள் தொடக் கூசுகிற வேலைகளையும் எடுத்துச் செய்தது. வருகிறவரை வந்தபடியே ஏற்பது பேச எளிது. குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறவரோடு அதைத் தினமும் செய்வது வேறு. கிளைடு அதை அரை நூற்றாண்டுக்கும் மேல் செய்திருக்கிறது. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

போதை மீட்பில் வில்லியம்ஸ் வேறொரு வழியும் பிடித்தார். பெயர் சொல்லாமல் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற பன்னிரண்டு படி முறை கறுப்பின மக்களுக்கு ஒட்டவில்லை என்று அவர் நினைத்தார். சபை நடுவே எழுந்து நின்று தன் கதையைத் தன் வாயால் சொல்லட்டும் என்றார். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதல்ல, சாட்சி சொல்வதுதான். அவர் மனைவி ஜானிஸ் மிரிகிடானி ஜப்பானிய வம்சாவளிக் கவிஞர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கைக்குழந்தையாகக் குடும்பத்தோடு ஆர்கன்சா முகாமில் அடைக்கப்பட்டவர். சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர். அவர் அதைப் பெண்கள் நடுவே வெளிப்படையாகச் சொன்னதும், மற்றப் பெண்களுக்கும் வாய் திறந்தது. எத்தனை மனநல மருத்துவர்கள் சேர்ந்தாலும் செய்ய முடியாத வேலை அது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாட்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. கிளைடின் கொண்டாட்டம் சுற்றுலாக் கையேடுகளில் ஏறிவிட்டது. தங்க வாசல் பாலம், கேபிள் கார், அப்புறம் கிளைடு. மேடையில் ஒருவர் தன் வீழ்ச்சியையும் மீட்சியையும் சொல்ல, கேட்கிறவர்களில் ஒரு பகுதி அன்று மாலை விமானம் ஏறப் போகிறவர்கள். அண்டை வீட்டார் நடுவே சொன்னால் அது சாட்சி, ஊர் பார்க்க வந்தவர்கள் நடுவே சொன்னால் அதில் கொஞ்சம் காட்சியும் சேர்ந்துவிடுகிறது. காணிக்கைத் தட்டு அந்தக் காட்சியால்தான் நிறைகிறது என்பதும் உண்மை.

அதைவிடப் பெரிய குறை, எல்லாம் ஒரு மனிதரைச் சுற்றியே நின்றது. சிலுவை இறங்கிய சுவர் வெறுமையாக இருக்கவில்லை. வில்லியம்ஸின் சிரிப்பும் குரலும் அந்த இடத்தை நிரப்பின. 1977 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான மனிதநேய விருது கிளைடு ஆலயத்தில் வைத்து ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் ஜிம் ஜோன்ஸ், அந்த நகரத்தில் சொந்தமாக ஒரு சபை நடத்தியவர். அடுத்த ஆண்டு நவம்பரில் கயானா காட்டில் அவரை நம்பிப் போனவர்களில் 900-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஜோன்ஸிடம் அன்று ஏமாந்தது கிளைடு மட்டும் இல்லை, அந்த நகரத்து அரசியல்வாதிகள் பெரும்பாலோர் ஏமாந்தார்கள். வில்லியம்ஸையும் ஜோன்ஸையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனாலும், ஏழைகளுக்குச் செய்கிறார், கூட்டம் சேர்க்கிறார், பேச்சு இனிக்கிறது என்ற மூன்றையும் கண்டதும் கணக்குக் கேட்காமல் விடுகிற பழக்கம் அந்த விருதில் தெரிகிறது.

2000-ல் வில்லியம்ஸ் போதகர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 'விடுதலைக்கான ஊழியர்' என்ற பட்டத்தோடு அங்கேயே தொடர்ந்தார். அவருக்குப் பின் வந்த போதகர்கள் அவர் நிழலில்தான் நிற்க வேண்டியிருந்தது. 2018-ல் மெதடிஸ்ட் பிஷப் மினர்வா கார்கான்யோ தலையிட்டார். ஞானஸ்நானம் இல்லை, திருவிருந்து இல்லை, வருகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்களே இல்லை, ஓய்வு பெற்றவர் இன்னும் ஆள்கிறார் என்று அவர் குற்றச்சாட்டுகள் நீண்டன. அந்த ஆண்டு இறுதியில் லிசி கிளைடு விட்டுச்சென்ற சொத்து யாருக்கு என்று வழக்கு. 2020-ல் சமரசம் ஆகி, கட்டடம் கிளைடிடமே நின்றது. கிளைடு மெதடிஸ்ட் சபையை விட்டு வெளியேறியது.

ஞானஸ்நானக் குறைக்காகப் பசித்தவர் பந்தியில் கைவைக்கப் பார்த்ததாகவே பலர் பிஷப்பைத் திட்டினார்கள். திட்டு பாதி சரி. ஆனால் அவர் கேட்டதில் ஒரு கேள்விக்கு இன்றும் விடை இல்லை: இந்த இடம் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? சபைக்கு இல்லை என்றாகிவிட்டது. நன்கொடையாளர்களுக்கா? அப்படியென்றால் ஸ்டேக் உணவகத்து மேசைக்குத்தான். எல்லிஸ் தெருவில் நிற்கிறவர்களுக்கு என்று இரண்டு தரப்பிலும் யாரும் வழக்குப் போடவில்லை.

வாதி பிரதிவாதி இருவரும் அவர்கள் பெயரைச் சொல்லியே வாதாடினார்கள்.

அதே டெண்டர்லாயினில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு மாற்று எடுத்துக்காட்டு இருக்கிறது. ஹில்டன் உள்ளிட்ட மூன்று ஓட்டல் நிறுவனங்கள் அங்கே வானுயரக் கட்டடம் எழுப்ப வந்தன. விடுதி அறைகளில் குடியிருந்தவர்கள், முதியவர்கள் உட்பட, சங்கமாகச் சேர்ந்து நகரத் திட்டக் குழுவின் முன் போய் நின்றார்கள். ஓட்டல்களைத் தடுக்க முடியவில்லை. ஆனால் மலிவு வாடகை வீடுகளுக்கு அந்த நிறுவனங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை வாங்கினார்கள். பிறகு கட்டட உயரத்துக்கே சட்ட வரம்பு வந்தது. சான் பிரான்சிஸ்கோ நகர மையத்தில் இன்றும் ஏழைகள் குடியிருக்க முடிகிற இடமாக டெண்டர்லாயின் தப்பிப் பிழைத்ததற்கு அந்த வரம்பு பெரிய காரணம். ஒரு தட்டுச் சாப்பாடுகூட அங்கே பரிமாறப்படவில்லை.

கிளைடுக்கும் இது தெரியாமல் இல்லை. 1999-ல் ஆலயத்துக்குப் பக்கத்தில் டெய்லர் தெருவில் ஐம்பது வீடுகள் அளவுக்குக் குடியிருப்பு கட்டினார்கள். பக்கத்திலேயே மேசன் தெருவில் இன்னொன்றும் எழுந்தது. அங்கே குடியேறியவர் மறுநாள் காலை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் வீடு கட்டப் பல வருஷம் ஆகிறது, அனுமதி, கடன், நிலம் என்று அலைய வேண்டியிருக்கிறது. நன்றி நவிலும் நாளில் கையுறை மாட்டிக்கொண்டு வான்கோழி பரிமாற வருகிற தன்னார்வலருக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை. படம் எடுக்கவும் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்குப் பணம் வருகிற வேகத்தில் வீட்டுக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

2023-ல் அந்த நகரத்தில் போதை மருந்து மிகையால் 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெண்டர்லாயின் அதில் பெரும்பங்கு சுமந்தது. இதை வைத்துக்கொண்டு, கேள்வி கேட்காமல் ஏற்கிற கிளைடு முறைதான் போதையை வளர்த்தது என்று பேசுகிறவர்கள் அங்கே இப்போது பெருகியிருக்கிறார்கள். அந்தச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணமான ஃபென்டனில் என்ற போதை மருந்து வந்தது வேறு வழியில். ஊசி கொடுத்த ஆலயத்தின் மேல் அந்தப் பழியைப் போடுவது சோம்பேறித்தனம். ஆனால் கேள்வி கேட்காமல் ஏற்றது எவ்வளவு சரியோ, ஏற்றுக்கொண்டவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவிடாதது அவ்வளவு தவறு. 1966-ல் அந்தக் கூடத்தில் தெருப்பிள்ளைகள் தலைமை தாங்கினார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் அதே வயதுப் பிள்ளைகளுக்குத் தட்டு கிடைத்தது, ஆலோசனை கிடைத்தது, பரிசோதனை கிடைத்தது.

மிரிகிடானி 2021-லும் வில்லியம்ஸ் 2024-லும் காலமானார்கள். பஃபெட்டின் மதியச் சாப்பாட்டு ஏலம் 2022-ல், இதுவே கடைசி என்ற அறிவிப்போடு நடந்தது. இப்போது கிளைடுக்கு மேலே மெதடிஸ்ட் சபை இல்லை, ஸ்தாபகர் போன்ற அந்தக் குரல் இல்லை. விதவையின் கட்டடம் இருக்கிறது. வரிசை இருக்கிறது, காலையில் எல்லிஸ் தெருவில் தொடங்கி, மூலை திரும்பி, டெய்லர் தெருவுக்குள் நீள்கிறது.