உப்பில்லாத கீரை

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற வழியில், கிளியனூரில் பஸ் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றும் வரைக்கும் டீக்கடை பெஞ்சும் பையில் கிடந்த சிறுபாணாற்றுப்படையும்தான் துணை. பி.காம். படித்தவனுக்குப் பத்துப்பாட்டு எதுக்கு என்று சிரிக்காதீர்கள். டேலி ஆகாத கணக்கு எங்கே இருந்தாலும் எங்கள் கண்ணில் படும். இந்தப் பாட்டில் ஒன்று இருக்கிறது.

நத்தத்தனார் பாடியது. 269 அடி. தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆக, நான் டீ குடித்த இடமே அந்தப் பாட்டுக்குள்தான்.

அதில் பாணன் வீட்டு அடுக்களை ஒன்று வருகிறது. கூரை சரிந்து, கறையான் அரித்த சுவர். கண் திறக்காத குட்டிகளோடு நாய் ஒன்று படுத்திருக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேக வைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றம் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இதே பாட்டில் கொற்கைப் பக்கம் உமணர்களின் உப்பு வண்டிகள் வரிசையாக வருகின்றன. பாணன் வீட்டுப் பானையில் ஒரு கல் உப்பு கிடையாது. 'ஐயோ பாவம்' என்று புலவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, மரக்காணம் உப்பளத்தில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் கதையைச் சொன்னேன்.

"உப்பு இல்லன்னாகூட துன்னுடலாம் தம்பி. பக்கத்து ஊட்டுக்காரி பாத்துட்டாத்தான் உள்ள எறங்காது. மழ மாசத்துல அளத்துல வேல ஏது? எங்க ஊட்டுக் கதவும் சாத்தித்தான் கெடக்கும்."

எந்த உரையாசிரியரும் எனக்கு இப்படிப் புரிய வைத்ததில்லை.

அந்தக் கதவை உள்ளேயிருந்து திறந்த புத்தகங்கள் நம் காலத்தில் வந்தன. பாமாவின் 'கருக்கு', 1992. கே.ஏ. குணசேகரனின் 'வடு', 2005. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தவர், நாட்டுப்புறப் பாடகர், 2016-ல் மறைந்தார். பசித்த பையனின் கதையை அந்தப் பையனே சொல்வதுதான் 'வடு'. பேச்சு மொழி. நடுநடுவே சிரிக்கவும் வைக்கிறார்.

சங்கப் பாட்டில் பசிக்கு ஒரு தீர்வு உண்டு: ராஜாவிடம் போ, தருவான். 'வடு'வில் ராஜா இல்லை. பசியோடு சாதியும் சேர்ந்து துரத்துகிறது. குணசேகரன் நம்மிடம் பரிசில் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிறார். நாமோ 'படித்தேன், அழுதேன்' என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். முதல் தடவை 'வடு' படித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பாணன் மனைவி சாத்தியது வெட்கத்தில். நான் சாத்தியது வசதிக்காக.

டயர் மாற்றியாச்சு. கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "அப்புறம் அவுங்களுக்கு இன்னா ஆச்சு?"

"ராஜா யானையும் தேரும் குடுத்து அனுப்பிச்சாரும்மா."

"யான குடுத்தாரு, செரி. உப்பு வாங்கக் காசு குடுத்தாரா?"

டிரைவர் ஹாரன் அடித்தார். பதில் தெரியாமல் பஸ் ஏறினேன்.