கசடுக்குள் ஒரு கம்பி

எஃகின்மேல் மிதக்கும் கசடைக் குப்பை என்று ஒதுக்கிவிட முடியாது. தொடர் வார்ப்பில், செம்பு அச்சுக்கும் உறையும் எஃகுக்கும் நடுவே படரும் கசடுப் படலம்தான் வெப்பம் வெளியேறும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. படலம் சரியில்லையென்றால் எஃகில் விரிசல்!

கசடின் வெப்பக் கடத்துதிறனை அளக்கும் சூடுகம்பி முறை அலாதியானது. உருகிய கசடில் மெல்லிய பிளாட்டினக் கம்பியை அமிழ்த்தி, நிலையான மின்னோட்டம் செலுத்துகிறார்கள். கம்பியே சூடாக்கி, கம்பியே வெப்பமானி. மின்தடை கூடுவதை வைத்தே அதன் வெப்பநிலையைக் கணித்துவிடலாம். கம்பி விறுவிறுவெனச் சூடேறினால் கசடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தவில்லை என்று அர்த்தம். நேரத்தின் மடக்கைக்கு எதிரே வெப்பநிலையைக் குறித்தால் நேர்கோடு வரும்; விடை அதன் சாய்வில். எல்லாம் சில நொடிகளில் முடிய வேண்டும். தாமதித்தால் கசடு சுழலத் தொடங்கி, கோடு வளைந்துவிடும்.

இத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் எண், பெரும்பாலும் மீட்டர்-கெல்வினுக்கு 1 வாட்டுக்கும் குறைவு.