யார் போனால் போக்குவரத்து? – புது ஆறு, கரை, சைக்கிள்

“ஒரு வண்டிகூட இல்ல தோழர். ரோடு அப்படியே காலியாக் கெடக்கு.” போன புரட்டாசியில் தஞ்சாவூருக்குத் தெற்கே, புது ஆற்றங்கரையில் ஒரத்தநாட்டுத் திசையில் மிதித்துக்கொண்டிருந்தபோது கூட வந்த இளம் நண்பர் சொன்னது இது. சென்னையிலிருந்து கியர் வைத்த சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மேடு பள்ளம் இல்லை, ஹாரன் சத்தம் இல்லை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நடவு வயல். எனக்கு ஐம்பத்தைந்து வயது. மூச்சு வாங்காமல் இருபது கிலோமீட்டர் போக முடிந்ததில் ஏற்பட்ட குஷியில் நானும் “ஆமா” என்று சொல்லிவிட்டேன். அந்த ‘ஆமா’வைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

வீடு திரும்பியபின் அந்த ஒரு மணி நேரத்தில் எதிர்ப்பட்டவர்களை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். கேரியரின் இரு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டு ஒருவர். தலைக்கு மேல் புல்லுக்கட்டு உயர்ந்து நிற்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒரு கிழவர். தூக்குவாளியோடு வரிசையாக நடவுக்குப் போன பெண்கள் (பதினோரு பேரா பன்னிரண்டு பேரா என்று நிச்சயமில்லை). யூரியா மூட்டையை முன்னால் நிறுத்திய டி.வி.எஸ். 50. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள். அதில் ஒரு பெண் எங்களை முந்திக்கொண்டு போனாள். கரையை அடைத்து நகர்ந்த மேய்ச்சல் வாத்துக்கூட்டம், அதன் பின்னால் கோலோடு ஒரு பையன். இதெல்லாம் போன ரோட்டைத்தான் இரண்டு பேரும் ஒரே குரலில் ‘காலி’ என்றோம்.

பொய் சொன்னோம் என்பதல்ல. ‘டிராஃபிக் இல்லாத’ என்னும் சொல்லாடலுக்குள் நுழைந்தவுடன் கண் அப்படிப் பழக்கப்பட்டுவிடுகிறது. கார் போனால் போக்குவரத்து. லாரி போனால் போக்குவரத்து. புல்லுக்கட்டு போனால் அது ‘காட்சி’. போகவும் வரவும் செய்வதுதான் போக்குவரத்து என்று சொல்லே சொல்கிறது. அந்தச் சொல்லுக்குள் நடவுக்குப் போகிறவளுக்கு இடமில்லாமல் போனது எப்படி? ஆங்கிலக் கிராமப்புறக் கவிதைகளில் விளைச்சல் மட்டும் பெருகிக் கிடக்க விளைவித்தவர்கள் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்பதை ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டினார். கவிதையில் நடந்தது இப்போது சைக்கிள் சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தில் நடக்கிறது. உழைப்பாளி அங்கேயே நிற்கிறார், படத்திலும் விழுகிறார், கணக்கில் மட்டும் வருவதில்லை.

புது ஆறு என்று ஜனங்கள் சொல்வது கல்லணைக் கால்வாயை. மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு 1934இல் தண்ணீர் விடப்பட்டது. கல்லணையில் புறப்பட்டு, தஞ்சாவூர் நகரத்துக்குள் நுழைந்து வெளியேறி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்து நாகுடிப் பக்கம் போய் முடிகிறது. ஏறத்தாழ 148 கிலோமீட்டர். வெண்ணாறு தாழ்ந்த நிலத்தில் தானே வழி கண்டுபிடித்தது. இது அப்படியில்லை. மேட்டு நிலத்தின் முதுகில் மட்டம் பார்த்து இழுத்துக்கொண்டு போன கோடு. குறுக்கே வரும் காட்டாறுகளைக்கூட சைபன் கட்டித்தான் கடக்கிறது. சைக்கிள்காரனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது: தண்ணீரால் ஏற முடியாத மேட்டில் அவனும் ஏற வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக் கடல்வரை கணக்குப் போட்டால், பழைய டெல்டா கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. நம் தொடைக்குக் கிடைக்கிற இந்த இளைப்பாறலை ‘இயற்கை’யின் கணக்கில் எழுதிவிட்டுப் போவது எளிது.

ஆனால் கரை தானாக எழுவதில்லை. வருஷா வருஷம் உடையும், வருஷா வருஷம் யாராவது மண் சுமக்க வேண்டும். யார் சுமப்பது என்பதை வெள்ளைக்காரன் சட்டமாகவே எழுதி வைத்தான். 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பாரில் உடல்வலு உள்ள ஆண்களைப் பிடித்து வேலை வாங்க அதிகாரம் கொடுத்தது. வழக்கமாகச் செய்துவந்த மராமத்து உழைப்பையும் அதே சட்டம் கட்டாயமாக்கியது. ‘குடிமராமத்து’ என்று இன்று ஏக்கத்தோடு பேசுகிறோம். ஊர்கூடித் தேர் இழுத்தது போன்ற ஒரு பிம்பம் அதற்குக் கிடைத்துவிட்டது. தேரில் உட்கார்ந்தவர் யார், வடம் பிடித்தவர் யார், வடத்தைத் தொடவே விடாமல் ஒதுக்கப்பட்டவர் யார் என்ற கேள்வியைக் கேட்காத வரைக்கும் அந்தப் பிம்பம் அழகாகத்தான் இருக்கும்.

மண் சுமந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்தக் கரையிலேயே குடியிருக்கிறார்கள். ஏன் கரையில் என்றால், ஊருக்குள் நிலம் மிராசுக்கும் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தம். பண்ணையாள் குடியிருந்த மனையும் பண்ணையாருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். 1971இல் வந்த குடியிருப்பு மனைச் சட்டம் பிறர் நிலத்தில் குடியிருந்த உழைப்பாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன், அதற்குப் பின்னால் செங்கொடிச் சங்கங்களின் முப்பது வருஷப் போராட்டமும் 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் எரிக்கப்பட்ட 44 உயிர்களும் இருக்கின்றன. ஆனால் ஆற்றுப் புறம்போக்குக்கு அது எட்டவில்லை. அங்கே பேசுவது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். கரையில் இருப்பவருக்கு ‘பி மெமோ’ வரும். அபராதம் கட்ட வேண்டும். கட்டிய ரசீதைத் தகரப்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குற்றத்துக்குக் கட்டிய அபராதம்தான், இத்தனை வருஷம் இங்கே இருந்தோம் என்பதற்கு அவர்களிடம் உள்ள ஒரே சாட்சி.

வாய்க்கால் ஓரத்தில் சும்மா சைக்கிள் விடும் மோகத்துக்குப் புனிதத்தலம் என்றால் தெற்கு பிரான்சின் மிதி கால்வாயைத்தான் சொல்ல வேண்டும். பியர் போல் ரிக்கே 1666இல் தொடங்கியது, 1681இல் திறக்கப்பட்டது. துலூஸிலிருந்து கடலோரம்வரை 240 கிலோமீட்டர். 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்று சைக்கிள் போகும் அதன் கரைப்பாதை, குதிரையும் ஆளும் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. ரிக்கே என்ற ஒற்றை மேதையின் பெருங்கதையாடலை சந்திரா முகர்ஜி 2009இல் வெளியிட்ட ஆய்வுநூல் உடைத்துப்போட்டது. பைரனீஸ் மலையடிவாரத்துக் குடியானவப் பெண்கள் மண்ணும் கூடையும் சுமந்ததோடு, தண்ணீரை மட்டம் பிடித்துக் கொண்டுபோகும் பரம்பரை அறிவையும் அந்தக் கால்வாய்க்குக் கொடுத்தவர்கள் என்று அவர் நிறுவுகிறார். அங்கே சரக்குப் படகு 1980களின் இறுதியோடு நின்றுவிட்டது. வேலை முடிந்த இடத்தில் ஓய்வு வந்து உட்கார்ந்தது. அதில் மறதி இருக்கலாம். ஆனால் யாரையும் எழுப்பிவிட்டு உட்காரவில்லை. இங்கே கரையின் வேலை முடியவில்லை. ஆள் இருக்கும்போதே அதைக் காலி என்கிறோம். காலி என்று சொல்வதற்கும் காலி செய் என்று சொல்வதற்கும் தமிழில் ஒரு வினைச்சொல்தான் தூரம்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்கள் இப்போதைய கரையைப் போய்ப் பார்க்கலாம். கல்லணைக் கால்வாயை விரிவுபடுத்திப் புதுப்பிக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பக்கச் சுவருக்கு மட்டுமின்றி ஆற்றின் தரைக்கும் கான்கிரீட் என்றபோது விவசாயிகள் எதிர்த்தார்கள்: அடியில் ஊறாவிட்டால் கிணறும் போரும் என்ன ஆகும்? சைக்கிள்காரனுக்கு வழவழப்பான கரை கிடைப்பது நல்லதுதான். கரைக்குச் சொந்தம் கொண்டாட முடியாதவளுக்கு அந்த வழவழப்பின் பொருள் வேறு.

இவ்வளவு எழுதியபின் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். எழுபதுகளில் இரண்டாம் கையாக ஒரு சைக்கிள் வாங்கினார். எங்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போக ஊர்த்தெரு வழியாக மூன்று மைல். அந்தத் தெருவில் எங்களவர் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதையும் செய்திருக்கலாம், பலர் செய்தார்கள். அப்பா வாய்க்கால் கரை வழியாக ஐந்தரை மைல் சுற்றிப் போனார். கரை அப்போது மண். மழைக்காலத்தில் சக்கரம் மட்கார்டுவரை சேறு அப்பிக்கொள்ளும். “ஏம்ப்பா இவ்ளோ தூரம்?” என்று ஒருமுறை கேட்டேன். “அங்க எறங்கச் சொல்ல ஆளில்லடா” என்றார். அவருக்கும் அது காலியான சாலைதான். அவர் தேடிய காலியும் நண்பர் ரசித்த காலியும் ஒன்றாகுமா? ஒன்று விடுதலையின் வெற்றிடம், மற்றது நுகர்வின் வெற்றிடம் என்று எளிதாகப் பிரித்து எழுதிவிடலாம். ஆனால் இறங்கச் சொல்ல ஆளில்லாத கரையில் பெடலை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை உருளவிடும் அந்த ஒரு நிமிஷ சந்தோஷம் அவருக்கும் உடம்பில்தான் இருந்திருக்கும். அதை எந்தக் கோட்பாட்டில் அடைப்பது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

அப்பாவுக்கு நேர் எதிரான வழியில் போனவர்கள் புது ஆறு முடிகிற மாவட்டத்திலேயே இருந்தார்கள். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். குவாரிக் கூலிகள், விவசாயக் கூலிகள், பால்வாடி ஊழியர்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள்; முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவே வசதி என்றார்கள். பி. சாய்நாத் 1996இல் வந்த தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் ஆளில்லாத கரையைத் தேடவில்லை. கேலி பேசுகிறவன் நிற்கும் கடைத்தெருவில், பஸ் ஸ்டாண்டில், கூட்டம் கூட்டமாக விட்டார்கள். தாங்களே போக்குவரத்து ஆனார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

எங்கள் சவாரியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். திரும்பும் வழியில் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். தலையில் ஹெல்மெட், கையில் போன். நண்பர் வந்த வழியைப் படத்தில் காட்டும் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க் குடிசையிலிருந்து ஒரு அம்மா வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

“சார், அளக்க வந்துருக்கீங்களா?”

“இல்லம்மா, சும்மா சைக்கிள்ல வந்தோம்.”

“போனவாட்டி வந்தவங்களும் போனத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

“நெஜமாவே சும்மாதாம்மா.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ரசீதெல்லாம் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்து வருகிறேன் என்றார். வேண்டாம் என்றோம். நண்பர் போனைப் பைக்குள் போட்டார். அந்த வழியை எல்லாரும் பார்க்கும்படி ஏற்றட்டுமா என்று அன்று ராத்திரி கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எழுதிவிட்டேன், இன்னும் சொல்லவில்லை.