இருபத்து நான்கில் ஒரு பங்கு

விடியுமுன் போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களைக் கொண்டுபோகும் ஜீப்பில் ஆலையிலிருந்து வந்தது எது, பட்டறையில் சேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். பின்னால் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், மேலே படுதா, அதற்கும் மேலே இரும்புக் கேரியர், ஏறுவதற்கு வெளியே நீட்டிய படி, மழைக்காலச் சேற்றில் டயரைச் சுற்றிச் சங்கிலி. ஆளும் மூட்டையும் சரிவும் கேட்டவை இவை. அழகுக்காக வந்தவை குறைவு. உருமாற்றிய தெருவண்டிகளின் அளவு மாதிரிகளைப் பற்றிப் பேச இந்த ஜீப்பிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். பாகங்கள் பெட்டியில் வரும் கிட் வாங்கிப் பூட்டுவதையும், கிட்டே இல்லாமல் ஷீட்டை வெட்டிச் செய்வதையும் சேர்த்தே சொல்கிறேன். எவ்வளவு விபரீதமான உருமாற்றத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மாதிரியில் தெரிகிறதா என்பதுதான் தரத்தின் முதல் கேள்வி. மினுக்கும் வழவழப்பும் அதற்குப் பிறகு வருபவை.

மாதிரிக் கலையில் அமெரிக்கப் பள்ளியின் பலமும் பலவீனமும் இந்தக் கேள்வியில்தான் வெளிப்படுகின்றன. கார் விற்பவர்களுக்கு விளம்பர மாதிரிகள் செய்துகொடுத்துவந்த ஏஎம்டி நிறுவனம், 1958-இல் ஒரே பெட்டியில் மூன்று வழிகளைக் கொடுத்தது: ஆலையிலிருந்து வந்தபடி, உருமாற்றியபடி, பந்தயத்துக்கு ஏற்றபடி. எந்தப் பாகத்தைப் பூட்டுவது என்ற முடிவு பூட்டுபவன் கைக்கு வந்தது. அதே காலத்தில் கலிபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் காரைத் தரையோடு தாழ்த்தி ஓட்டினார்கள். சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1958-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே ரான் அகிர்ரே என்பவர் ஹைட்ராலிக் பம்பு பொருத்தி, வேண்டும்போது தாழவும் போலீஸைக் கண்டதும் உயரவும் கூடிய கார் ஒன்றைச் செய்தார். லோரைடர் என்ற மரபின் உயிர்நாடி அந்தப் பம்பு. அதன் மாதிரியைச் செய்பவர் டிக்கியைத் திறந்து பம்பையும் பேட்டரி வரிசையையும் காட்டாமல், பளபளக்கும் வெளிப்பூச்சோடு நின்றுவிட்டால் கதையில் பாதியை விட்டுவிட்டார் என்றே சொல்வேன். பிறகு அந்தப் பள்ளி தெருவை விட்டு விலகியது. கார் உருமாற்றுக் கலைஞர் எட் ராத்தின், கண்ணாடிக் குமிழ்க் கூரை கொண்ட பீட்னிக் பாண்டிட் காரை ரெவெல் நிறுவனம் கிட்டாக விற்றது. வடிவமைப்பாளர் டாம் டேனியல் வரைந்து மோனோகிராம் நிறுவனம் வெளியிட்ட ரெட் பேரன், ஜெர்மன் ராணுவத் தலைக்கவசத்தையே கூரையாகக் கொண்டது. அதில் கிட்தான் முதலில் வந்தது. அதைப் பார்த்து முழு அளவுக் காரைப் பின்னால் கட்டினார்கள். கற்பனையின் வளத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தெருவும் கேட்காத வண்டி அது. அதைச் செய்வதில் கைத்திறனைச் சோதிக்கலாம், அறிவைச் சோதிக்க இடமில்லை.

ஜப்பானியப் பள்ளி தெருவை விடவில்லை, அதனால் அதற்கே முதலிடம் தருவேன். 1971 முதல் 1989 வரை ஃபூஜி பந்தயத் தளத்தில் கிராண்ட் சாம்பியன் பந்தயங்கள் நடந்தன. பார்க்க வந்த இளைஞர்கள் பந்தயக் கார்களின் அகன்ற சக்கரக் கவசத்தையும் முன்னே நீண்ட தாடையையும் தங்கள் சாதாரணக் கார்களுக்குப் பொருத்திக்கொண்டார்கள். பந்தயத்தில் காற்றை அடக்க இருந்த உறுப்பு, தெருவில் வீரத்தின் அடையாளமாகி ஆண்டுக்காண்டு நீண்டது. புகைக்குழாய் மூங்கில் ஈட்டிபோல வானத்தை நோக்கி எழுந்தது. அதன் பெயரே மூங்கில் ஈட்டி. ஷிசுவோகா நகரில் 1924-இல் தொடங்கிய அவோஷிமா நிறுவனம் இந்தக் கார்களை 1/24 அளவில் கிட்டுகளாக வெளியிட்டது. 1975-இல் வெளிவந்த 'டொரக்கு யாரோ' திரைப்படத்தால் நாடெங்கும் பரவிய அலங்கார லாரிகளையும் அந்த நிறுவனம் விடவில்லை. சட்டத்தை மதிக்காதவர்கள் என்று ஊர் முகம் சுளித்த ஒரு கூட்டத்தின் வண்டிகளை, தாடையின் நீளமும் ஸ்டிக்கரின் இடமும் பிசகாமல் பதிவுசெய்ததை ஓர் ஆவணப் பணியாகவே கருத வேண்டும். இந்தக் கிட்டைப் பூட்டும் நல்ல கைக்காரர், முன் தாடை எந்தப் பந்தயக் காரிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே அதை ஒட்டுவார். தெரியாமல் ஒட்டினால் அதே உறுப்பு வெறும் துருத்தலாகத்தான் நிற்கும்.

நம் பக்கத்துப் பள்ளிக்குக் கிட்டே கிடையாது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஃபோம் ஷீட், மல்டிவுட் பலகை, ஃபெவிக்விக், ரேடியம் ஸ்டிக்கர் இவற்றைக் கொண்டு பஸ்ஸும் லாரியும் செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கரூரில் கூண்டு கட்டிய பஸ்ஸுக்கும் வேறிடத்தில் கட்டியதற்கும் உள்ள வேறுபாட்டை ஜன்னல் வரிசையை வைத்தே சொல்லக்கூடிய கண் இவர்களுடையது. கிட் இல்லாததால் ஒவ்வொரு பாகத்தையும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. காரணம் அறிதல் என்ற அளவுகோலில் இது பெரிய பலம். கேரளத்துச் சுற்றுலா பஸ்களைப் பாருங்கள். உடல் முழுக்கச் சித்திரமும் வண்ண விளக்கும் அதிரும் ஒலிபெருக்கியுமாக ஓடியவை அவை. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் பள்ளி மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு, எல்லாச் சுற்றுலா பஸ்ஸும் வெள்ளை நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதியை அரசு கண்டிப்பாக அமல்படுத்தியது. அந்த முடிவில் தவறு காண முடியாது. தெருவிலிருந்து போன அந்தச் சித்திரங்களுக்கு இனி முப்பரிமாணப் பதிவு என்றால், மேசைமேல் நிற்கும் மாதிரிதான்.

பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அளவு ஒழுங்கு. 1/24 நம் பட்டறைக்கு இயல்பாகப் பொருந்தும் அளவு. ஓர் அடி அரை அங்குலமாகும், அவ்வளவுதான். சாதாரண டேப்பே போதும். வில்லிஸ் ஜீப்பின் முன்-பின் அச்சு இடைவெளி 80 அங்குலம். அது 1/24-இல் சுமார் 85 மில்லிமீட்டர், அமெரிக்க வழக்கமான 1/25-இல் சுமார் 81. ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் மாட்டினால் பழகிய கண் உடனே பிடித்துவிடும். கூண்டைச் சரியாக அளந்து வெட்டிவிட்டு, கடைப் பொம்மையிலிருந்து கழற்றிய சக்கரத்தைப் போட்டு நிலையையே கெடுத்த மாதிரிகள் நம்மிடம் மிக அதிகம். வண்ணத்திலும் அதே சிக்கல். 0.2 மில்லிமீட்டர் மினுக்குத் துகள் நிஜக் காரில் மின்னும். 1/24 மாதிரியில் தூவினால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் கல் பதித்ததற்குச் சமம். 4 மில்லிமீட்டர் கதவு இடுக்கு மாதிரியில் 0.17 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. பிரஷ்ஷால் இரண்டு கை கூடுதலாக அடித்தால் இடுக்கே அடைந்துபோகும். ஆகவே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மெல்லிய பூச்சாக அடிப்பது நேர்த்திக்காக மட்டும் இல்லை. கதவு திறக்கும் கதவாகத் தெரிவது அந்தப் பூச்சின் மெலிவில்தான் இருக்கிறது.

மறுப்புகள் உண்டு. பிறர் வார்த்த பாகங்களைப் பூட்டுவது கலையாகுமா என்பது ஒன்று. பெட்டியில் வந்தபடியே பூட்டினால் அது பயிற்சி. இரண்டு கிட்டுகளை வெட்டி மூன்றாவது வண்டியை உண்டாக்கும்போது கலை தொடங்குகிறது என்பது என் பதில். கனமான மறுப்பு வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அப்படியிருக்க, சட்டத்துக்குப் புறம்பான வண்டியை மாதிரியாக்கிப் போற்றலாமா? தெருவில் ஆபத்தாக இருப்பது மேசையில் ஆபத்தாக இருக்க முடியாது என்பது எளிய விடை. அது எனக்குப் போதவில்லை. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் மலைச் சாலையில் உயிர் குடித்திருக்கின்றன; அந்த ஜீப்பை வண்ணப் பொம்மையாகச் செய்து வைப்பது உண்மையிலேயே தவறாகிவிடலாம். ஆனால் இந்தத் தவற்றிலிருந்து காப்பதும் நான் மேலே சொன்ன அளவுகோல்தான். காரணத்தைக் காட்டும் மாதிரி, அந்தக் காரணத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டும்.

போடி ஜீப் என்று ஒரு பிரிவு மாதிரிக் கலையில் வர வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குத் தடையும் பெரிதாக இல்லை. மகிந்திரா 1940களின் இறுதியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கியது வில்லிஸ் ஜீப்பைத்தான். அந்த வில்லிஸுக்கு இத்தாலியின் இத்தாலேரி நிறுவனம் 1/24 கிட் வெளியிட்டிருக்கிறது. அதன் முகப்பைக் கொஞ்சம் திருத்தி, அடிச்சட்டத்தை நடுவில் வெட்டி நீட்டினால் மலை ஜீப்பின் எலும்புக்கூடு கிடைக்கும். படுதாவும் கேரியரும் நம் கைவேலை. விதங்களுக்கும் குறைவில்லை. போடி தாலுகாவிலேயே இருந்தும், வண்டியில் என்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக ஜீப்பில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய கொழுக்குமலையின் கரடுமுரடான பாதைக்கு ஒரு விதம். தார்ச் சாலையில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப் இன்னொரு விதம். ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் ஜீப் வேறு. மூன்றையும் ஒரே மாதிரியில் கலந்துவிடாமல் பிரித்துச் செய்ய வேண்டும். ஜப்பானியர் காரின் தாடை நீண்டதன் காரணத்தை எப்படிப் பதிவுசெய்தார்களோ, அப்படியே இங்கே வண்டி உயர்ந்து நிற்பதன் காரணமும் பதிவாக வேண்டும். அது பின் அச்சின் மேல் அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகளில் இருக்கிறது. டேப்போடு ஜீப் பக்கம் போகிறவர் வண்ணத்தையும் சாமி பெயர் எழுதிய கண்ணாடியையும் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். முதலில் அந்தப் பட்டைகளின் வளைவை அளக்கட்டும்: வண்டி காலியாக நிற்கும்போது ஒருமுறை, ஆட்கள் ஏறி உட்கார்ந்த பின் இன்னொருமுறை.